பாவத்துக்கு ஒரு விலைப்பட்டியல்

"அவ்ளோதானா?"

ஒரு சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணி வாக்கில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த தோழி கேட்ட கேள்வி இது. நாங்கள் ஐந்து பேர் 'வாம்பயர்: தி மாஸ்கரேட்' ஆட்டத்தின் பழைய பதிப்பு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தோம். ஆட்டத்தை நடத்தியது நான். அவளுடைய கதாபாத்திரம் சிகாகோவில் ஒளிந்து வாழும் ஒரு ரத்தக்காட்டேரி. செத்துப்போவதற்கு முன்னால் நர்ஸாக இருந்தவள். ஒரு கிழவர் தன் கடையின் பின்னறையை அவளுக்குத் திறந்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் மூன்று வாரம் பகல் வெளிச்சத்திலிருந்து அவளைக் காப்பாற்றியிருந்தார். அன்று அவர் பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டார். அவரை விட்டுவைத்தால் கூட இருக்கும் மற்ற மூன்று பேரும் மாட்டுவார்கள்.

தோழி ரொம்ப நேரம் பேசவில்லை. மேசையில் வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் சொன்னாள்: "அவருக்கு டீ போட்டுத் தரேன். அவர் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். அப்புறம் செய்றேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? புத்தகத்தைப் புரட்டினேன். அதில் பாவங்களை வரிசைப்படுத்திய ஓர் அட்டவணை இருக்கிறது. பத்தாம் படியில் சுயநலமான எண்ணம், ஏழாம் படியில் திருட்டு, மூன்றாம் படியில் திட்டமிட்ட கொலை. "மனசாட்சிக்குப் பகடை உருட்டு" என்றேன். உருட்டினாள். ஒரு பகடை தேறியது. "சரி, நீ வருத்தப்படுற. மனிதத்தன்மை குறையாது. அடுத்து யாரு?"

அப்போதுதான் கேட்டாள். அவ்ளோதானா?

அன்று என்னிடம் பதில் இல்லை. விதி அப்படித்தான் இருக்கிறது என்று புத்தகத்தைக் காட்டினேன். இந்தக் கட்டுரை கொஞ்சம் தாமதமாக வரும் பதில். ஒருவன் எவ்வளவு கெட்டுப்போனான் என்பதை எண்ணால் அளந்து, அந்த எண் தீர்ந்ததும் ஆளையே பறித்துக்கொள்ளும் விதிகள் மோசமான விதிகள் என்பது என் கட்சி. தீமையைப் பற்றிப் பேசுவதற்காக உருவாக்கப்பட்டவை அவை. ஆனால் பெரும்பாலான மேசைகளில் அந்தப் பேச்சை முடித்துவைக்கத்தான் அவை பயன்படுகின்றன.

*

இந்த ஆட்டங்களைப் பார்த்தே இராதவர்களுக்கு ஒரு பத்தி. டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்பது நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் கதை கட்டுவது. ஒருவர் உலகத்தையும் அதிலிருக்கும் மற்ற எல்லோரையும் நடத்துவார். மீதிப் பேர் ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். என்ன செய்கிறாய் என்று அவர் கேட்பார், நீங்கள் சொல்வீர்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடை. ஜெயிப்பது தோற்பது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கூத்தும் கதைகேட்பும் சேர்ந்த ஒரு விளையாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் வந்தபோதே அறம் அதில் ஓர் எந்திரமாக உள்ளே வந்துவிட்டது. ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்று அணிகள். பால் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோரின் கற்பனைக் கதைகளிலிருந்து எடுத்துக்கொண்டது அது. 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் நன்மை, தீமை என்ற இன்னொரு அச்சும் சேர்ந்து ஒன்பது கட்டங்கள் ஆயின. அணி மாறினால் ஒரு லெவல் போய்விடும். 'பாலடின்' என்னும் புனித வீரன் தெரிந்தே ஒரு தீய செயலைச் செய்தால் அவன் சக்தி நிரந்தரமாகப் போய்விடும்.

விளைவு? அரை நூற்றாண்டாக மேசைகளில் நடக்கும் மிகப் பழைய சண்டை. பாலடின் ஒரு குகைக்குள் போகிறான். அரக்கர்களான ஓர்க்குகளைக் கொல்கிறான். கடைசி அறையில் ஓர்க் குழந்தைகள் இருக்கின்றன. கொன்றால் குழந்தைக் கொலை. விட்டால் நாளைய அரக்கர்கள். இரண்டில் எது செய்தாலும் ஆட்டம் நடத்துபவர் சிரித்துக்கொண்டே "சக்தி போச்சு" என்பார். நல்ல நாடகத்துக்கான இடம் இது. ஆனால் ஆட்டக்காரர் அந்த இடத்தில் குழந்தைகளைப் பற்றி யோசிப்பதில்லை. நடத்துபவர் மனதில் என்ன இருக்கிறது என்றுதான் யோசிக்கிறார். மேலதிகாரி எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார் என்று மோப்பம் பிடிப்பதற்குப் பெயர் அறச்சிக்கலா?

பிறகு வந்தவை இறங்குமுக எண்கள். 1981இல் சாண்டி பீட்டர்சனின் 'கால் ஆஃப் கதுலு' புத்தித் தெளிவை ஒரு எண்ணாக்கியது. அது பூஜ்யமானால் கதாபாத்திரம் உங்கள் கையில் இல்லை. 1987இல் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் வெளியிட்ட 'ஸ்டார் வார்ஸ்' ஆட்டத்தில் இருள் பக்கத்துப் புள்ளிகள். புள்ளி கூடக் கூட விழும் ஆபத்தும் கூடும். விழுந்தால் உங்கள் ஆள் எதிரியாகி நடத்துபவர் கைக்குப் போய்விடுவான். 1991இல் மார்க் ரெய்ன்-ஹேகனின் 'வாம்பயர்' இந்த யோசனையை ஆட்டத்தின் நடுநாயகமாகவே ஆக்கியது. பத்திலிருந்து பூஜ்யம் வரை மனிதத்தன்மை. பூஜ்யத்தில் நீங்கள் வெறும் மிருகம்.

இதை எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. கொள்ளையும் கொலையும் சர்வசாதாரணமாக நடந்த ஆட்டங்களில், "நீ செய்வது உன்னை என்ன செய்கிறது?" என்று முதன்முதலில் விதியாகவே கேட்டவர்கள் அவர்கள். அந்தக் கேள்விக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதற்கு அவர்கள் கொடுத்த கருவியோடுதான் எனக்குச் சண்டை.

*

முதல் குற்றச்சாட்டு: எண் வந்ததும் பாவம் செலவாகிவிடுகிறது.

இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் பத்துக் குழந்தைக் காப்பகங்களை வைத்து யூரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 2000இல் வெளியானது. மாலையில் பெற்றோர் தாமதமாக வருகிறார்கள், ஆசிரியைகள் காத்துக்கிடக்கிறார்கள். ஆறு காப்பகங்களில் தாமதத்துக்குச் சிறு அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவரை "பாவம், அந்த டீச்சர் காத்திருப்பாங்களே" என்ற கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும் அது கட்டணமாகிவிட்டது. காசு கொடுத்தாச்சு, இனி என்ன கூச்சம்? இன்னும் மோசம் அடுத்து நடந்தது. அபராதத்தை எடுத்த பிறகும் தாமதம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. போன கூச்சம் போனதுதான்.

என் மேசையில் நடந்தது இதேதான். கிழவர் செத்த அடுத்த வாரம், இன்னொரு ஆட்டக்காரன் ஒரு காவலாளியைக் கொல்வதற்கு முன் தாளைப் பார்த்து, "எனக்கு இன்னும் ரெண்டு புள்ளி தாங்கும்" என்றான். வங்கிக் கணக்கில் மினிமம் பேலன்ஸ் பார்ப்பது போல. இதில் அவனைக் குறை சொல்லி என்ன பயன்? விலைப்பட்டியலை அவன் கையில் கொடுத்தது நான். அனுபவப் புள்ளிகளைக் கொடுத்து மனிதத்தன்மையைத் திரும்ப வாங்கலாம் என்றும் அதே புத்தகத்தில் இருக்கிறது. விற்பனையும் உண்டு, ரீஃபண்டும் உண்டு.

இன்னொரு வேடிக்கை. அந்த அட்டவணைப்படி, உங்கள் மனிதத்தன்மை நான்குக்கு இறங்கிவிட்டால் திருட்டுக்குப் பகடையே உருட்ட வேண்டாம். அது உங்களைத் தொடாது. உளவியலாகப் பார்த்தால் கூர்மையான அவதானிப்பு; மரத்துப்போனவன் மரத்துப்போனவன்தான். ஆனால் மேசையில் அது சலுகையாக மாறுகிறது. கீழே இறங்கினால் சின்னச் சின்ன பாவங்கள் இலவசம். மொத்தமாக வாங்குபவருக்குத் தள்ளுபடி!

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. ஓர் அளவு இலக்காக மாறியதும் அது நல்ல அளவாக இருப்பதை நிறுத்திவிடும் என்பதை குட்ஹார்ட் விதி என்பார்கள். சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் 1975இல் பணக்கொள்கையைப் பற்றிச் சொன்னதிலிருந்து வந்தது. எண்பது சதவீதம் டெஸ்ட் கவரேஜ் வேண்டும் என்று உத்தரவு போடுங்கள், எதையுமே சோதிக்காத டெஸ்ட்களாக எண்பது சதவீதம் வந்து நிற்கும். நானே எழுதியிருக்கிறேன். அப்படிப்பட்டவன், சனிக்கிழமை இரவு அதே கருவியை மனசாட்சிக்கு மாட்டிவிட்டு நாடகம் வரும் என்று காத்திருந்தேன் பாருங்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டு: பகடை உங்களுக்குப் பதிலாக உணர்ந்துவிடுகிறது.

நம் ஊர்ப் பரமபதத்தை எடுத்துக்கொள்வோம். வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்க ஆடும் அதே பரமபதம். புண்ணியம் ஏணி, பாவம் பாம்பு. அறத்தை வரைந்து காட்டும் மேசை ஆட்டம் என்று பார்த்தால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு அது பாட்டி முறை. ஆனால் அதில் யாரும் பாவம் செய்வதில்லை. தாயக்கட்டை விழுந்த இடத்தில் பாம்பு வாயைத் திறந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பரமபதத்தில் அது பொருந்துகிறது, ஏனென்றால் அந்த ஆட்டம் உங்களிடம் முடிவெடுக்கச் சொல்லவே இல்லை. விதியின் முன்னால் மனிதன் எவ்வளவு சின்னவன் என்பதுதான் அதன் பேச்சு.

என் தோழியிடம் ஆட்டம் முடிவெடுக்கச் சொன்னது. அவள் எடுத்தாள். டீ போட்டுக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை காத்திருப்பது எப்படிப்பட்ட கொலை? அன்பா, குரூரமா, தன்னையே ஏமாற்றிக்கொள்வதா? அவள் சொல்ல வேண்டிய இடம் அது. அந்த இடத்தில் நான் "நீ வருத்தப்படுற" என்று அறிவித்தேன். அவள் வருத்தப்பட்டாளா, மனசு விட்டுப்போச்சா, அவளுக்கே தெரியவில்லையா என்று நான் கேட்கவில்லை. பத்துப் பக்கப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று அவளுக்காக வருந்தி முடித்துவிட்டது.

மூன்றாவது: நீதிபதி ஒளிந்துகொள்கிறார். திருட்டு ஏழாம் படியில், கொலை மூன்றாம் படியில் என்று யார் முடிவு செய்தது? பசிக்குத் திருடியவனுக்கும் அதே படியா? நான் அந்தத் தீர்ப்பை என் வாயால் சொல்லியிருந்தால் மேசையில் யாராவது என்னோடு மோதியிருப்பார்கள். "உனக்கு அது தப்பா தோணுதா? எனக்குத் தோணல" என்று ஒருவர் சொல்லியிருப்பார். அந்த மோதலுக்காகத்தான் ஐந்து பெரியவர்கள் வாரக் கடைசியைச் செலவழிக்கிறோம். ஆனால் புத்தகம் சொல்கிறது என்றதும் மோதல் அணைந்துவிட்டது. பொறுப்பு என்னுடையது இல்லை, அச்சடித்த தாளுடையது. அரசு அலுவலகத்தில் "சர்குலர்ல அப்படித்தான் இருக்கு" என்ற பதிலைக் கேட்டு வயிறெரிந்து வெளியே வந்தவன்தான் நான். அதே குரலில் நானும் பேசினேன்.

நான்காவது: கதை சூடு பிடிக்கும் நேரத்தில் ஆளைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். எண் பூஜ்யமானதும் கதாபாத்திரம் நடத்துபவர் கைக்குப் போகிறது. யோசித்துப் பாருங்கள். முழுக்க விழுந்துவிட்ட ஒருத்தி மறுநாள் எழுந்து என்ன செய்வாள்? தன் பழைய நண்பர்களை எப்படிப் பார்ப்பாள்? ஒரு நாவலில் பாதி அங்கேதான் தொடங்கும். இங்கே, "தாளைக் கொடு, வேற ஆள் போட்டுக்கோ." கெட்டவர்கள் நம்மில் சேர்த்தி இல்லை, எல்லை தாண்டியதும் வேறு ஜந்து ஆகிவிடுகிறார்கள் என்ற வசதியான பொய்யை இந்த விதி சொல்லாமல் சொல்கிறது. நிஜத்தில் அப்படி ஆவதில்லை. கெடுதல் செய்தவர்கள் மறுநாள் காலையில் பால் வாங்கப் போகிறார்கள்.

*

இதைச் சொன்னதும் ஒரு கோஷ்டி கைதட்டும். "அதான் நாங்க அப்பவே சொன்னோம், அறத்துக்கெல்லாம் விதி எதுக்கு? தூக்கி எறி. நல்லா நடிச்சா போதும்."

அவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. விதி எதைப் பற்றி இருக்கிறதோ, ஆட்டம் அதைப் பற்றியதாகத்தான் ஆகும். வாள் வீச முப்பது பக்கமும் வாள் வீசியதன் பின்விளைவுக்கு ஒரு வரியும் இருந்தால், மேசை முப்பது பக்கத்தின் பக்கம் சாயும். விதியை எடுத்துவிட்டால் அறம் சுதந்திரமாகிவிடாது, யாருக்கும் ஞாபகம் வராமல் போகும். அல்லது சத்தமாகப் பேசுகிறவர் சொல்வது அறமாகும். கூச்ச சுபாவமுள்ள ஆட்டக்காரருக்கு விதி ஒரு துணை. "இந்த இடத்தில் நீ பேசு" என்று அவருக்கு மேடை போட்டுத் தரும்.

ஆக, விதி வேண்டும். கேட்கிற விதி வேண்டும், கணக்குத் தீர்க்கிற விதி வேண்டாம். இது என் கனவு ஒன்றும் இல்லை. ஏற்கெனவே இருக்கிறது.

கிரெக் ஸ்டாஃபர்டின் 'பெண்ட்ராகன்' 1985இலேயே வந்துவிட்டது. ஆர்தர் மன்னனின் வீரர்களைப் பற்றிய ஆட்டம். கருணை–குரூரம், அடக்கம்–பெருமை, நம்பிக்கை–சந்தேகம் என்று பதின்மூன்று ஜோடிகள்; ஒவ்வொரு ஜோடியின் கூட்டும் இருபது. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். இங்கேயும் எண்தான், ஆனால் எல்லோருக்கும் பொதுவான ஒரே சறுக்குமரம் இல்லை. நீங்கள் யார் என்பதன் படம். அதிலும் அழகு என்னவென்றால் கிறிஸ்தவ வீரனுக்கு அடக்கம் நற்குணம், பழைய தெய்வங்களைக் கும்பிடும் பாகன் வீரனுக்குப் பெருமிதம் நற்குணம். அறம் யாருடையது என்ற கேள்வியை விதியே மேசையில் வைத்துவிடுகிறது.

'டெல்டா கிரீன்' ஆட்டத்தின் 2016 வடிவம் இன்னும் கொடூரமானது. வன்முறையால் மனம் அடிபட்டும் உடையாமல் மூன்று முறை தாங்கிவிட்டால் உங்கள் ஆள் அதற்குப் பழகிவிடுகிறான். இனிக் கொலை அவனை உலுக்காது. பரிசு மாதிரி தெரிகிறதா? அதே கணத்தில் அவனுடைய பிணைப்புகள் எல்லாம் தேய்கின்றன. மனைவி, மகள், பழைய நண்பன் என்று தாளில் பெயர் போட்டு எழுதிவைத்த உறவுகள். அவனுக்கு வலிக்கவில்லை என்பதற்கான விலையை வீட்டிலிருப்பவர்கள் கொடுக்கிறார்கள். போலீஸ், ராணுவம் என்று போய்வந்த ஒருவர் வீட்டில் வளர்ந்த யாரிடமும் இந்த விதியை விளக்கத் தேவையிருக்காது.

வின்சென்ட் பேக்கரின் 'டாக்ஸ் இன் த வைன்யார்ட்' 2004இல் வந்தது. கற்பனையான பழைய அமெரிக்க மேற்கில், ஊர் ஊராகப் போய்த் தீர்ப்பு சொல்லும் இளம் மதக் காவலர்கள். அங்கே நடத்துபவருக்குச் 'சரியான விடை' இருக்கவே கூடாது. பேச்சில் தோற்கிறீர்களா? கையை ஓங்கினால் கூடுதல் பகடை. துப்பாக்கியை எடுத்தால் இன்னும் பகடை. ஜெயிக்கும் வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. ஆனால் பேச்சின் காயத்துக்கு நான்கு பக்கப் பகடை, துப்பாக்கியின் காயத்துக்குப் பத்துப் பக்கப் பகடை. நீ சொல்வது சரி என்று நிரூபிக்க ஒரு பையனைச் சுடுவாயா என்று விதி கேட்கிறது. பதிலுக்கு மார்க் போடுவதில்லை.

வாம்பயர்கூடத் திருந்தியிருக்கிறது. 2018இன் ஐந்தாம் பதிப்பில் பொதுவான பாவ அட்டவணை இல்லை. எது மீறல் என்பதை மேசையில் இருப்பவர்கள் ஆட்டம் தொடங்கும் முன் பேசி முடிவு செய்கிறார்கள். ஒவ்வொருவரின் கொள்கைக்கும் உயிரோடிருக்கும் ஒரு மனிதர் சாட்சி. எண் இன்னும் இருக்கிறது, பூஜ்யத்தில் ஆளைப் பிடுங்குவதும் இருக்கிறது. ஆனாலும் பாதி வழி வந்துவிட்டார்கள்.

ஸ்டார் வார்ஸ்? அங்கே இருள் பக்கம் என்பது உண்மையிலேயே ஆளை இழுக்கும் ஒரு சக்தி. அந்த உலகத்தில் புள்ளி போடுவது நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்த உலகத்துக்கு வெளியே அந்த விதியைக் கொண்டுவராதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை.

ஆட்டம் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது மூன்றே விஷயம். எது தப்பு என்பதை முதல் நாளே எல்லோரும் சேர்ந்து பேசுங்கள். புத்தகத்தின் பின்னால் ஒளியாதீர்கள். தப்பின் விளைவு தாளில் இருக்கும் கட்டத்தில் விழ வேண்டாம், கதைக்குள் இருக்கும் ஒரு மனிதர் மேல் விழட்டும். யாருடைய கதாபாத்திரத்தையும் அவர் கையிலிருந்து பிடுங்காதீர்கள். விழுந்தவளோடு அவளையே வாழவிடுங்கள்.

*

தோழி அதன் பிறகு மூன்று வாரம் வந்தாள். நன்றாகத்தான் ஆடினாள். ஆனால் அவளும் புள்ளி எண்ண ஆரம்பித்திருந்தாள். தயங்குவதில்லை, டீ போடுவதில்லை. நான் கற்றுக்கொடுத்த பாடம்.

நான்காவது வாரம் அட்டவணையை மேசையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தேன். கதையில் இருட்டிய பிறகு கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கிழவரின் மகள். வேறு ஊரிலிருந்து வந்திருக்கிறாள். பின்னறையில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும் ஒரு டீ கோப்பையைப் பார்க்கிறாள். அப்பா எப்போதும் கோப்பையைக் கழுவாமல் போட்டுவிடுவார். "நீங்கதான் கடைசியா அவரோட இருந்தீங்களாமே. எதாவது சொன்னாரா?"

தோழி என்னைப் பார்த்தாள். "எதுக்கு உருட்டணும்?"

"எதுக்கும் வேண்டாம். அவ பதிலுக்காக நிக்கிறா."

நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. அந்த முதல் இரவில் இருந்த அதே மௌனம். பிறகு ரொம்பச் சின்னக் குரலில் சொன்னாள்: "டீ நல்லாருக்குன்னு சொன்னார்."

அன்றைக்கு ஆட்டம் அதோடு முடிந்தது. தாளில் எந்த எண்ணும் மாறவில்லை. பாத்திரம் கழுவும்போது அவள் வந்து பக்கத்தில் நின்று, அந்த மகளின் பெயர் என்ன என்று கேட்டாள். நான் இன்னும் பெயர் வைக்கவில்லை என்றேன்.

"வை" என்றாள். "அடுத்த வாரம் அவகிட்ட நான் பேசணும்."